முதலில் செடி, பிறகு மீன்

பிறந்தநாள் பரிசாக உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் ஆதரிக்கவில்லை. மீன்களுக்குப் பிரசங்கம் செய்த புனித அந்தோனியாரின் படம் மாட்டிய வீடுகளிலும் இக்காட்சியைக் காண்கிறோம்! அரையடிக்கு மேல் வளர்ந்து பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய உயிர் அது.

கண்ணாடித் தொட்டிக்குச் செலவு அதிகமாகும் என்பார்கள். மோட்டார், வண்ணக்கற்கள், பிளாஸ்டிக் செடிகள் ஆகியவற்றை நீக்கிவிட்டால் ஆகாது. ஒன்றரை அடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 42 லிட்டர் நீர் கொள்ளும். அலசிய ஆற்றுமணலை இரண்டு அங்குலம் பரப்பி, ஆய்வுக்கூடத்தில் நாம் குமிழி எண்ணும் அதே ஹைட்ரில்லாவை நெருக்கமாக நடலாம். ஒரு துண்டு கிடைத்தாலும் அது பெருகிவிடும். குழாய்நீரானால், குளோரின் நீங்க ஒருநாள் திறந்து வைக்க வேண்டும். சன்னல் வெளிச்சம் போதும். நேர்வெயில் பட்டால் நீர் பச்சையாகிவிடும்.

கடினமானது காத்திருத்தல்தான். மீன்கழிவில் உண்டாகும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. செடிகள் அதை உணவாக உறிஞ்சுகின்றன. மணலில் மெல்லப் பெருகும் நுண்ணுயிர்களும் அதை மாற்றுகின்றன. ஆகவே, செடிகள் வேரூன்றித் தளிர்விடும்வரை, மூன்று வாரமேனும், மீன் வாங்கலாகாது. கடைக்காரர் அன்றே கொண்டுபோகச் சொன்னாலும் தங்கைமார் அழுதாலும் எங்கள் கருத்து இதுவே.

அதன்பின்னரும் நான்கைந்து ஆண் கப்பிகளே போதும். பெண்மீனும் சேர்ந்தால் தொட்டி நிரம்பிவிடும். தங்கமீனுக்கோ இத்தொட்டியும் சிறியது. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். எடுத்த நீரை ரோஜாச் செடிகளுக்கு ஊற்றலாம்.