தாத்தா காலத்து ரிவால்வருக்குத் தோட்டா கிடைக்குமா? சட்டம் என்ன சொல்கிறது?

மரக்காணம் போன்ற கடலோர ஊர்களின் பழைய வீடுகளில் பரணைச் சுத்தம் செய்யும்போது தாத்தா காலத்து ரிவால்வர் ஒன்று கைக்குக் கிடைத்தால் என்ன செய்வது? பலருக்கும் முதலில் வரும் சந்தேகம், "இதுக்கு இன்னும் தோட்டா கிடைக்குமா?" என்பதுதான். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத் தவறவிட்டால் சிறை வரை போக வாய்ப்புண்டு.

எந்தத் தோட்டா எளிதில் கிடைக்கும்?

இந்தியாவில் உரிமம் வைத்திருக்கும் பொதுமக்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் ரிவால்வர் தோட்டா .32 ரகம். அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் தயாரிக்கும் ரிவால்வர்களும் பெரும்பாலும் இதே அளவுதான். 2014-ல் பெண்களுக்காக என்று கான்பூரில் அறிமுகமான 'நிர்பீக்' ரிவால்வரும் .32 தான். 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 7 அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அதன் பிறகு தோட்டா தயாரிப்பு மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்திடம் இருக்கிறது.

இதிலும் ஒரு குழப்பம் உண்டு. .32 ரிவால்வர் தோட்டா வேறு, .32 பிஸ்டல் தோட்டா வேறு. பெயரில் எண் ஒன்றுதான் என்றாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக் கூடாது.

பிரிட்டிஷ் கால ரிவால்வர் என்றால்?

சிக்கல் ஆரம்பிப்பதே இங்குதான். பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய வெப்லி ரிவால்வர்கள் .455 அளவு. 1930-களில் வந்த என்ஃபீல்டு ரிவால்வர் .380 அளவு. இந்த இரண்டு தோட்டாக்களையும் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகளை ஆயுத விதிகள் தனி வகையில் வைத்திருக்கின்றன. 'தடை செய்யப்பட்ட ரகம்' என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். இதற்கான உரிமம் மாவட்ட அளவில் முடிகிற விஷயம் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகம் வரை போகும். சாதாரண துப்பாக்கிக் கடையில் போய், "நாலு தோட்டா குடுங்க" என்று வாங்கிவிட முடியாது.

'உள்ளே போகுதே' என்று போட்டால்?

இதுதான் ஆபத்தான தவறு. பிரிட்டனின் .380 தோட்டாவும் அமெரிக்காவின் .38 ஸ்பெஷல் தோட்டாவும் பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் முதலாவது குட்டையானது, சற்றே தடிமனானது. இரண்டாவது நீளமானது, வெடிக்கும்போது உருவாகும் அழுத்தமும் அதிகம். பழைய இரும்பு அந்த அழுத்தத்தைத் தாங்காவிட்டால் தோட்டா அறை கையிலேயே வெடித்துச் சிதறலாம்.

உப்பளக் கரையில் இன்னொரு பிரச்னையும் சேர்ந்துகொள்கிறது. உப்புக்காற்று இரும்பை அரிக்கும் என்பது மரக்காணம்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியே பளபளவென்று இருந்தாலும் குழலுக்குள் துரு ஏறியிருக்கலாம். கூடவே கிடக்கும் பழைய தோட்டாக்களையும் நம்ப முடியாது. அதனால் சும்மா சுட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையே கூடாது.

தோட்டா இல்லாவிட்டால் குற்றம் இல்லையா?

குற்றம்தான். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும், தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் கிடைக்கலாம். தடை செய்யப்பட்ட ஆயுதம் என்று முடிவானால் தண்டனை 7 முதல் 14 ஆண்டுகள்.

வீட்டில் இருப்பதே தெரியாமல் இருந்தவர்களின் கதி என்ன? 'வைத்திருத்தல்' என்றால் அது இருப்பதை அறிந்து வைத்திருப்பது என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கியது. ஆனால் பரணில் பார்த்த நிமிடத்திலிருந்து, "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

'பழம்பொருள்' என்று வைத்துக்கொள்ளலாமா?

பழமையான, வழக்கொழிந்த ஆயுதங்களுக்குச் சட்டத்தின் 45-வது பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். நூறு வயது ஆகிவிட்டது என்பது மட்டும் போதாது. தோட்டா கிடைக்கவில்லை என்பதும் விலக்குக்கான காரணம் ஆகாது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

• குண்டு நிரம்பியிருக்கலாம் என்று நினைத்தே அணுக வேண்டும். விசையைத் தொடக் கூடாது, குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

• காவல் நிலையத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். 21-வது பிரிவின்படி, வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும்.

• தாத்தாவின் பழைய உரிமப் புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டும். துப்பாக்கியின் எண், ரகம், எத்தனை தோட்டாவுக்கு அனுமதி என்பதெல்லாம் அதில் இருக்கும்.

• வாரிசுகளுக்கு உரிமம் கேட்க 2016 ஆயுத விதிகள் வழி தருகின்றன. மரக்காணம் வட்டத்தில் இருப்பவர்கள் விழுப்புரம் மாவட்ட ஆட்சியரகத்தை அணுகலாம். வேண்டாம் என்றால் உரிமம் உள்ளவருக்கு விற்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

• ஏற்கெனவே 2 துப்பாக்கிகள் வைத்திருப்பவர், பரம்பரைச் சொத்தே ஆனாலும் மூன்றாவதை வைத்துக்கொள்ள முடியாது.

புதுச்சேரி பக்கத்தில்தானே?

உரிமம் கிடைத்த பிறகும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உரிமம் எந்தப் பகுதி வரை செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கிழக்கு கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே புதுச்சேரி வந்துவிடும். ஆனால் அது தனி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் உரிமத்தை வைத்துக்கொண்டு துப்பாக்கியோடு எல்லை தாண்டினால், அங்கே அது உரிமம் இல்லாத துப்பாக்கிதான்.

ஆகவே, பழைய ரிவால்வர் கிடைத்தால் முதலில் தேட வேண்டியது தோட்டாவை அல்ல, அதற்கான உரிமத்தை. அது இல்லையென்றால், தாத்தாவின் நினைவாகவே இருந்தாலும் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது.