பிள்ளைக்குப் பிள்ளை தொய்வு வேறு

நள்ளிரவிற் பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறது. தாய் அதனைத் தோளிற் சுமந்துகொண்டு வைத்தியசாலைக்கு ஓடுகிறாள். ஆவிமருந்து கொடுக்கிறார்கள், இளைப்புத் தணிகிறது. அடுத்த மாதமும் அதே ஓட்டம். இப்பிள்ளைக்குத் தொய்வை எழுப்புவது எது என்று எவரேனும் கேட்டதுண்டா? இதுவே நமது கேள்வி.

ஒவ்வாமைத் தொய்வு பெயரளவில் ஒன்று. பிள்ளைக்குப் பிள்ளை அதன் காரணம் வேறு. ஒருவனுக்கு மெத்தைத் தூசியில் வாழும், கண்ணுக்குப் புலனாகாத உண்ணி, ஒருத்திக்குக் கரப்பான் பூச்சியின் கழிவு, வேறொருவனுக்குப் பூஞ்சணம். காரணத்தை அறியாது மருந்தை மட்டும் கூட்டுவது, வாய்க்கால் உடைப்பை அடைக்காமல் துலா மிதிப்பதை ஒக்கும்.

இது வெறும் வாதமன்று. அமெரிக்க நகரங்களில் 937 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியொன்று 2004இல் வெளியாயிற்று. தோற்பரிசோதனை செய்து, அவரவர் ஒவ்வாமைக்கேற்ப வீட்டைத் திருத்தினர், மெத்தைக்கு உறையிட்டனர், கரப்பானை ஒழித்தனர். அப்பிள்ளைகள் இளைப்பால் வருந்திய நாட்கள் ஏனையோரிலும் குறைந்தன. அந்த நன்மை மறு ஆண்டும் நீடித்தது.

மருந்தின் கதையும் இதுவே. குறைந்த அளவு ஸ்ரெரொயிட் பம்புக்கு அடங்காத தொய்வுடைய 182 சிறுவருக்கு மூன்று வழிகளை மாறிமாறிக் கையாண்ட ஆராய்ச்சி 2010இல் வெளிவந்தது. ஸ்ரெரொயிட்டின் அளவைக் கூட்டுதல், மூச்சுக்குழாயை நெடுநேரம் விரிக்கும் மருந்தைச் சேர்த்தல், மொன்ரெலுகாஸ்ட் மாத்திரையைச் சேர்த்தல் என்பன அவை. இரண்டாவது வழியே கூடுதலானோருக்கு உகந்தது. ஆயினும் மற்றிரு வழிகளிற் சிறந்த பயன் கண்டோரும் பலர். அனைவருக்கும் ஒரே சீட்டு எழுதினால் அவர்கள் கதி என்ன?

பணமில்லை என்பார்கள். கேள்வி கேட்கப் பணம் வேண்டுமா? அடுப்புப் புகையிலா, நுளம்புச் சுருளிலா, வைக்கோற் தூசியிலா, எப்போது இளைப்பு வருகிறதென்று பெற்றோர் ஒரு கொப்பியிற் குறித்துவரலாம். வைத்தியர் அதனை வாசித்து, தடுப்பு மருந்து எது, அவசர மருந்து எது, எப்பொழுது வைத்தியசாலைக்கு விரைய வேண்டும் என்பவற்றைத் தாய் வாசிக்கும் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். பிள்ளை பம்பைச் சரிவர இழுக்கிறதா என்றும் பார்க்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். இளைப்பு நின்றுவிட்டதென்று தடுப்பு மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் ஆபத்தானது.

வைத்தியர்களிடம் நாம் கேட்பது அதிகமன்று. மருந்துச் சீட்டில் எழுதுமுன் பிள்ளையின் கதையைக் கேளுங்கள். அதற்குச் செலவாகும் பத்து நிமிடம், ஒரு தாயின் பல இரவுகளை மீட்டுத் தரும்.