ஹோ சி மின் சாலையில் பைக் டூர் போறவங்களுக்கு ஒரு த்ரெட்

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர் கேட்டார். "டாக்டர், ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் வியட்நாம் போறோம். ஹோ சி மின் ரோட்டுல அஞ்சு நாள் பைக் ட்ரிப். மலேரியா மாத்திரை ஏதாவது போடணுமா?"

எனக்கு ரொம்ப சந்தோஷம். ஏன்னா, அந்த ரோட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். நான் பார்த்த வீடியோக்கள் எதிலும் மலேரியா என்ற வார்த்தையே கிடையாது. மேகம், மலை வளைவு, சுண்ணாம்புக் குன்று, டிரோன் ஷாட், அவ்வளவுதான்.

1959-ல் ட்ருவோங் சோன் மலைக்காட்டுக்குள் வட வியட்நாம் ராணுவம் போட ஆரம்பித்த பாதை அது. ஆளும் ஆயுதமும் அரிசியும் தெற்கே போனது அதன் வழியாகத்தான். லாவோஸ், கம்போடியா வழியாகவும் கிளை கிளையாகப் பிரிந்தது. மேலே இருந்து அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. கீழே அனாஃபிலிஸ் கொசு. சில படைப்பிரிவுகளில் குண்டைவிட மலேரியா படுக்க வைத்த வீரர்களே அதிகம். அப்போது கையில் இருந்த குளோரோகுயின் அந்தப் பகுதி கிருமியிடம் வேலை செய்யவில்லை.

ஹோ சி மின் சீனாவிடம் உதவி கேட்டார். 1967 மே 23-ல் ரகசிய ராணுவத் திட்டம் ஒன்று ஆரம்பமானது. தேதியை வைத்தே 'திட்டம் 523' என்று பெயர். அதில் 1969-ல் சேர்ந்தவர் தூ யூயூ. பழைய சீன மருத்துவ நூல் ஒன்றில், ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை! சூட்டில் மருந்து கெடுகிறதோ என்று யோசித்தார். குறைந்த வெப்பத்தில் ஈதரில் சாறு எடுத்தார். 1971-ல் எலிகளிடம் அது முழுசாக வேலை செய்தது. மனிதர்களுக்கு முதலில் கொடுக்கும்போது தானே குடித்துப் பார்த்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015-ல் நோபல் பரிசு.

(அந்தச் செடி நம்ம மாசிபத்திரிக்குச் சொந்தக்காரச் செடிதான். அதுக்காக மாசிபத்திரியை அரைச்சுக் குடிச்சா மலேரியா போயிடும்னு யாரும் கிளம்பிடாதீங்க, ப்ளீஸ்.)

இன்னைக்கு நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில் ஃபால்சிபாரம் மலேரியாவுக்குக் கொடுக்கிற கூட்டு மருந்தில் இருப்பது இந்தக் குடும்பத்து மருந்துதான். அந்தக் காட்டுப் பாதையில் நடந்தவர்களுக்காகத் தேடியது இங்கே நம்ம பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. என்னைக் கேட்டால் அந்த ரோட்டில் பார்க்க வேண்டிய பெரிய விஷயம் இதுதான். ஆனா இதுக்கு வியூ பாயின்ட் கிடையாது.

வயிற்றெரிச்சல் என்னன்னா, இந்த மருந்துக்கு எதிர்ப்புத் திறன் முதலில் தெரிந்ததும் அதே வட்டாரத்தில்தான். 2008 வாக்கில் மேற்குக் கம்போடியாவில், பிறகு வியட்நாமிலும். இப்போ ஆப்பிரிக்காவிலும். மூணு நாள் கோர்ஸில் முதல் நாளே ஜுரம் விட்டதும் மிச்ச மாத்திரையை அலமாரியில் வைக்கிறவர்களை நானே பார்த்திருக்கேன். "அடுத்த தடவைக்கு ஆகும் டாக்டர்"னு பதில் வேற. கோபம்தான் வருது.

சரி, தம்பிக்குச் சொன்னது. ஹனோய், ஹா லாங் மட்டும்னா மாத்திரை தேவைப்படாது. மலைக் கிராமங்களில் ராத்திரி தங்கினால் முழுக்கை சட்டை, கொசு விரட்டி, கொசுவலை கட்டாயம். மாத்திரை வேணுமா என்பதை ஊர் ஊராகப் பிளானைக் காட்டி உங்க டாக்டரிடம் கேளுங்க. குவாங் ட்ரி பகுதியில் போட்டோவுக்காகப் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீங்க. வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு. அங்கே ட்ருவோங் சோன் தேசியக் கல்லறை இருக்கு, பத்தாயிரத்துக்கும் மேல் கல்லறைகள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

திரும்பி வந்து ஒரு மாசத்துக்குள்ள, ஏன் சில மாசம் கழிச்சுக்கூட, ஜுரம் வந்தால் "வியட்நாம் மலைக்காட்டுக்குப் போயிட்டு வந்தேன்"னு டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லிடுங்க. நாங்க டெங்குவைத் தேடிக்கிட்டு இருப்போம்.

எல்லாத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு தம்பி கேட்டார், "பெட்ரோல் பங்க் இருக்குமா டாக்டர்?"

ஃபோங் ஞா தாண்டி கே சான் போற மேற்குப் பாதையில் ரொம்பக் கம்மிப்பா. டேங்க்கை நிரப்பிட்டுக் கிளம்பு.