பெர்லுக்குப் பொருத்தம் பார்த்தல்

பெர்ல் மாட்யூல்களில் இரண்டு ரகம். பெர்லிலேயே எழுதியது சாது; அநேகமாக எந்த வெர்ஷனோடும் அனுசரித்துப் போகும். வேகத்துக்காக 'சி'யில் எழுதிக் கம்பைல் பண்ணியதோ, கம்பைல் ஆன பெர்லோடுதான் குடித்தனம் நடத்தும்.

போன மாசக் கடைசி. சம்பளப் பட்டியல் போடும் நேரத்தில் எங்கள் ஆபீஸ் சர்வர், 'லிஸ்ட்யூட்டில்.சி: லோடபிள் லைப்ரரி அண்ட் பெர்ல் பைனரிஸ் ஆர் மிஸ்மேட்ச்டு' என்று முறைத்தது. கூடவே, 'ஹேண்ட்ஷேக் கீ' என்று இரண்டு நம்பர்.

"வைரஸ் சார்! ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார் பக்கத்து சீட் நண்பர். முப்பது பேர் சம்பளமய்யா அது!

விஷயம் இதுதான். 2015-ல் வந்த பெர்ல் 5.22 முதல், உள்ளே நுழையும் 'சி' மாட்யூலின் ஜாதகத்தை பெர்ல் சரிபார்க்கிறது. அந்த இரண்டு நம்பரும் வந்த ஜாதகம், வேண்டிய ஜாதகம். முந்தின வாரம் ஓ.எஸ். அப்கிரேடில் பெர்ல் புதுசாகிவிட்டது. ஹோம் டைரக்டரியில் மாட்யூல் மட்டும் பழசு.

'பெர்ல்', ஒரு மைனஸ், பெரிய 'வி' அடித்தால் எங்கெல்லாம் தேடுகிறது என்று அதுவே சொல்லிவிடும். பழசைத் தூக்கிவிட்டுப் புது பெர்லில் மறுபடி கம்பைல். பத்தே நிமிஷம், சம்பளம் வந்தது.

நண்பர் இன்னும் வைரஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.