கணக்கு கேட்பவரின் கணக்கு

தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் முதன்மைச் செயல் அலுவலர் அவர்களுக்கு,



விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் இருக்கிற வளவனூர் பேரூராட்சியிலிருந்து எழுதுகிறேன். பள்ளிவாசல் கணக்கு எழுதிப் பழகியவன். இது புகார் மனு அல்ல. யார்மீதும் நடவடிக்கை கேட்கவில்லை. வக்ஃபு நிர்வாகத்தில் சம்பளம் வாங்குகிறவர்களின் உழைப்பை எதைக்கொண்டு அளப்பது என்பதைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

பள்ளிவாசல்களை நடத்தும் எங்களை அளப்பதற்குச் சட்டத்தில் குறையே இல்லை. 1995ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்தின் 46ஆவது பிரிவுப்படி வக்ஃபை நிர்வகிக்கும் ஒவ்வொரு முத்தவல்லியும் அக்டோபர் 1க்குள் வரவு செலவைக் கொடுத்தாக வேண்டும். 72ஆவது பிரிவுப்படி, நிகர ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்குக் குறையாத ஒவ்வொரு வக்ஃபும் வாரியத்துக்குப் பங்களிப்புத் தொகை கட்ட வேண்டும். 7 சதவீதம் என்றிருந்த அதன் உச்சவரம்பை 2025ஆம் ஆண்டுத் திருத்தம் 5 ஆக்கியிருக்கிறது. தவறுகிற முத்தவல்லியை நீக்க 64ஆவது பிரிவு காத்திருக்கிறது. ஆக, கணக்கு கொடுக்காதவனை என்ன செய்வது என்று சட்டத்துக்குத் தெரியும். வந்த கணக்கைப் பிரித்துப் பார்க்காத அலுவலர் ஒருவர் இருந்தால் அவரை என்ன செய்வது?

வாரியத்தின் முதல் கடமையே அந்தப் பார்வைதான். வக்ஃபுகள் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றனவா, வருமானம் எதற்காக எழுதிவைக்கப்பட்டதோ அதற்கே போகிறதா என்று கவனிக்கச் சொல்கிறது 32ஆவது பிரிவு. ஆனால் வசூல் சுலபமாக எண்ணக்கூடியது, பராமரிப்பு அப்படியல்ல. சுலபமாக எண்ண முடிகிற வேலையே கடைசியில் முழு வேலையாகிவிடும். எந்த அலுவலகத்துக்கும் இந்த நோய் வரும். மதரஸா பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு பெரியவர் எழுதிவைத்த நிலம் தரிசாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வருமானம் இல்லை, ஆகவே பங்களிப்புத் தொகையும் இல்லை, ஆகவே வசூல் பட்டியலில் அந்த நிலமே இல்லை. வாரியக் கண்காணிப்பாளர் நேரில் போக வேண்டிய அவசியம் அந்த நிலத்துக்குத்தான் மிக அதிகம். வசூலை வைத்து அளந்தால் அவர் போகவே மாட்டார்.

இந்திய முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் கொடுத்த அறிக்கையை நீங்கள் அறிவீர்கள். அதன்படி அப்போது நாடு முழுவதும் பதிவான வக்ஃபுகள் 4.9 லட்சம், சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய், ஆண்டு வருமானமோ வெறும் 163 கோடி. பத்து சதவீதம் விளைந்தாலே 12,000 கோடி கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது அந்தக் குழு. இந்த இடைவெளி முழுவதும் திருட்டு என்று பேசுவது மேடைக்கு நன்றாக இருக்கும். என் கணிப்பில் பெரும்பகுதி சும்மா இருந்ததால் போனது. தாத்தா காலத்தில் பேசிய கடை வாடகையை யாரும் திருப்பிப் பேசவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு அலைய முத்தவல்லிக்குத் தெம்பில்லை. கடை மட்டும் 'குட்வில்' என்ற பெயரில் கைமாறிக்கொண்டே இருக்கும். பள்ளிவாசலுக்கு அதில் ஒரு காசும் வராது.

வசூலை மட்டும் வைத்து அலுவலரை அளக்கக் கூடாது என்னும்போது இப்னுல் லுத்பிய்யாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜகாத் வசூலித்து வந்து, இது உங்களுடையது, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தவர் அவர். தாய் தந்தை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) கேட்டார்கள். அந்தக் கேள்வி வசூலித்த தொகையைப் பற்றியது அல்ல, வசூலித்தவரின் நடத்தையைப் பற்றியது.

2025 திருத்தச் சட்டத்தின் சில பிரிவுகளில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றில் சிலவற்றை உச்ச நீதிமன்றமே 2025 செப்டம்பர் 15 அன்று நிறுத்திவைத்திருக்கிறது. ஆனாலும் சொத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாமல் அந்தச் சட்டத்துக்கு வாதம் எடுத்துக் கொடுத்தவர்களில் நாமும் உண்டு. நம் அலட்சியம் அரசின் தலையீட்டுக்கு வழிவிடுவது புதிதல்ல. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு 1801இல் பெரிய நிலம் கிடைத்தது. அறங்காவலர்கள் அதைப் பார்த்துக்கொண்ட லட்சணத்தில், 1905இல் ஆங்கிலேய அரசு அறநிலையங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டு ஒரு வாரியத்தின் கையில் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டது.

இனி என்ன செய்யலாம்? 2025 ஜூன் 6இல் மத்திய அரசு தொடங்கிய 'உமீத்' என்ற வக்ஃபு சொத்துப் பதிவுத் தளத்தில் ஆறு மாதக் கெடுவுக்குள் விவரம் ஏற்ற ஒவ்வொரு ஜமாஅத்தும் பட்ட பாடு ஊரறிந்தது. பழைய பத்திரம் ஒரு பெட்டியில், சர்வே எண் இன்னொன்றில், கணினி தெரிந்த பையனோ வெளியூரில். அந்தச் சிரமத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. முத்தவல்லி ஏற்றுவது, வாரிய அலுவலர் சரிபார்ப்பது, மேலதிகாரி ஒப்புதல் தருவது என்று மூன்று படிகள் அதில் உண்டு. கணினியில் நடக்கிற ஒவ்வொரு வேலைக்கும் தேதி பதிவாகும். எந்தக் கோப்பு யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது, எது என்ன காரணத்தால் திரும்பியது என்பதை மாதாமாதம் எடுத்து மாவட்டவாரியாக வெளியிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு கேட்காமலேயே வெளியிடச் சொல்கிற வகையைச் சேர்ந்தது இது. பெயர் வேண்டாம், பதவி போதும். விரைவாக முடித்தவர் என்பதற்காக மட்டும் யாரையும் பாராட்டிவிடாதீர்கள். பார்க்காமல் ஒப்புதல் போடுவதுதான் இருப்பதிலேயே விரைவான வேலை.

பள்ளிவாசல்களின் பணியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இமாமுக்கு வக்ஃபு வாரியம் ஊதியம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே தீர்ப்பளித்தது. ஊர் நடப்போ ஜமாஅத் சந்தாவை நம்பியிருக்கிறது. பேஷ்இமாமுக்கும் மோதினாருக்கும் பணி உத்தரவே இல்லாத ஊர்கள் ஏராளம். விடுப்பு வாய்ச்சொல்லில், நீக்கமும் வாய்ச்சொல்லில். கமிட்டி மாறினால் ஹஸ்ரத்தும் மாறுவார். மக்தபில் பிள்ளைகள் எப்படி ஓதுகிறார்கள் என்று அவரைக் கேட்பதற்கு முன்னால், அவர் வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாமா? பதிவு பெற்ற பள்ளிகளுக்கெல்லாம் மாதிரிப் பணி உத்தரவு ஒன்றை நீங்கள் அனுப்பலாம். வாரியத்துக்கு அச்சுச் செலவு மட்டும்தான் ஆகும்.

எங்கள் விழுப்புரம் மாவட்டத்தையே சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வளவனூர் முதல் திண்டிவனம் வரை, அக்டோபர் 1க்குள் கணக்கு கொடுக்கிற ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும் டிசம்பருக்குள் ஒரு பக்கப் பதில் வரட்டும். கணக்கில் எது சரியில்லை, எந்த வாடகையைத் திருத்த வேண்டும், எந்த நிலத்தை அலுவலர் எந்தத் தேதியில் நேரில் பார்த்தார் என்பது அவர் கையெழுத்தோடு அதில் இருக்கட்டும். வரும் பதிலை ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத்தார் முன் வாசிக்கவும், பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் முத்தவல்லிகளுக்கு அதே உத்தரவில் சொல்லிவிடுங்கள். பதில் வராத பள்ளிகளின் பட்டியல் ஜனவரியில் உங்கள் மேசைக்கு வரட்டும்.

இப்படிக்கு,
வளவனூர் ஜமாஅத்தார் ஒருவன்