பூமியில் ஒரு சூரியன்: நம்பிக்கையும் எல்லையும்

ஆரணி, திருமலை வட்டாரத்தில் தறியில் அமரும் நெசவாளருக்கு மின்சாரம் எவ்வளவு முக்கியம் என்பதை நாம் அறிவோம். 2023இல் தமிழக அரசு, இரு மாதங்களுக்கான இலவச மின்சாரத்தைக் கைத்தறியாளருக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆகவும், விசைத்தறியாளருக்கு 750இலிருந்து 1,000 ஆகவும் உயர்த்தியது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த மின்சாரம் எதிலிருந்து வருகிறது? நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. அதனால் வெளியேறும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.5 டிகிரிக்கு மேல் வெப்பம் மிகுந்த முதல் ஆண்டாக 2024 பதிவானது.

இந்நிலையில் பலரும் நம்பிக்கையோடு பேசுவது அணுக்கரு இணைவு பற்றி. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நடப்பது கனமான அணுவைப் பிளப்பது. இதுவோ இலேசான ஹைட்ரஜன் வகை அணுக்களை இணைப்பது. சூரியனில் நடப்பதும் இதுவே. இதில் கரியமில வாயு வெளியேறுவதில்லை. கோளாறு ஏற்பட்டால் வினை தானே நின்றுவிடும். எரிபொருளில் ஒன்றான டியூட்டீரியம் கடல்நீரில் ஏராளமாக உள்ளது.

இம்முயற்சியில் இந்தியாவும் பின்தங்கவில்லை. காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் 'ஆதித்யா' கருவி 1989இல் இயங்கத் தொடங்கியது. பிரான்சில் ஏழு தரப்பினர் சேர்ந்து அமைக்கும் 'ஈட்டர்' உலைத் திட்டத்தில் 2005இல் இந்தியா இணைந்தது. அந்த உலையைச் சூழும் 3,800 டன் எடையுள்ள மாபெரும் உருக்குக் கலனைச் செய்து தந்தது நம் நாடே.

ஆனால் எல்லைகளையும் நாம் அறிய வேண்டும். 2022 டிசம்பரில் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றது. உலகமே வியந்தது. எனினும் அந்த லேசர்களை இயக்க ஏறத்தாழ 300 மெகாஜூல் மின்சாரம் தேவைப்பட்டது. மற்றோர் எரிபொருளான ட்ரிட்டியம் இயற்கையில் மிக அரிது. அதை உலைக்குள்ளேயே லித்தியத்திலிருந்து உருவாக்கியாக வேண்டும். ஈட்டர் உலை முழு எரிபொருளோடு இயங்குவது 2039இல்தான் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. அப்போதும் அது ஆய்வு உலையே. ஒரு யூனிட் மின்சாரம்கூட அது தராது.

பருவநிலையோ அதுவரை காத்திருக்காது. வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால், 2019இல் இருந்த பசுமை இல்ல வாயு வெளியேற்ற அளவு 2030க்குள் 43 விழுக்காடு குறைய வேண்டும் என்கிறது ஐ.நா.வின் பருவநிலை அறிவியலாளர் குழு. ஆக, அணுக்கரு இணைவு நம் பேரப்பிள்ளைகளுக்கு உதவலாம். நம் தலைமுறையின் கடமையை அது செய்து முடிக்காது. எல்லாவற்றையும் தொழில்நுட்பமே சரிசெய்துவிடும் என்ற எண்ணத்தின் ஆபத்தை, 2023இல் வெளியான 'லவுதாத்தே தேயும்' மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் சுட்டிக்காட்டினார்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. கமுதியில் சூரிய ஒளி மின்சாரமாகிறது. 2024இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், வீட்டுக் கூரையில் சூரியத் தகடு அமைக்க 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. நம் வீடுகளின் கூரைகள் வெயிலில் சும்மா காய்கின்றன. ஆலயம், பள்ளி, சமூகக்கூடம் ஆகியவற்றின் கூரைகளும் அப்படியே.

ஆய்வாளர்களின் உழைப்பு வெற்றிபெற வாழ்த்துவோம். ஆனால் பாவு போட்டதும் சேலை ஆகிவிடுவதில்லை. ஊடை நெய்தாக வேண்டும். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் நம் கூரைகளைப் பற்றிப் பேசத் தொடங்குவோமா?