இணைப்புக் கம்பியின் மின்தடையைப் புறக்கணிக்காதீர்கள்



நீளமான பதிவு. ரிடையரான வாத்தியாருக்கு மணி அடிக்க ஆள் கிடையாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நான் போட்ட அரிசோனா படங்களைப் பார்த்துவிட்டு, "சார், அந்த டிரக் முதுகில் என்ன வீடு மாதிரி?" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். அதன் பெயர் டிரக் கேம்பர். பிக்கப் வண்டியின் பின்பக்கத் தொட்டியில் ஏற்றி உட்கார வைக்கிற சின்ன அறை. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் உண்டு. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி ஆகியவை ஒரு 12 வோல்ட் பேட்டரியை நம்பி இருக்கின்றன. படங்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். படம் எடுக்காத ஒரு ராத்திரி உண்டு. மகனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் அதை எழுதுகிறேன்.

நவம்பர் மாதம். ஃபீனிக்ஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்கு நாலு மணி நேரப் பயணம். கேன்யனின் தென்விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம் ஊட்டி. நாங்கள் தங்கிய முகாமில் மின் இணைப்பு கிடையாது. கிளம்பும்போதே பேட்டரி பாதிதான் இருக்கிறது என்று மருமகள் சொன்னாள். "நாலு மணி நேரம் வண்டி ஓடுதுல்ல, தானா ஃபுல் ஆயிடும்" என்றான் மகன். நானும் தலையாட்டினேன். 34 வருஷம் இயற்பியல் நடத்தியவன் தலையாட்டினேன்.

ராத்திரி இரண்டரை மணிக்கு ஹீட்டர் நின்றது. கேஸ் சிலிண்டர் நிறைய இருக்கிறது. ஆனால் விசிறி சுற்ற மின்சாரம் இல்லாமல் கேஸ் ஹீட்டர் எரியாது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. ஏழு வயதுப் பேத்தியின் பல் தந்தியடிக்கிறது. கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துச் சூடேற்றலாம் என்று மகன் கையை நீட்டினான். தடுத்துவிட்டேன். மூடிய அறையில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய அலாரமும் செத்துப்போன அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. எல்லாரும் இறங்கி டிரக்கின் முன் இருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

ஊர் திரும்பியதும் கடைக்காரர் சொன்ன தீர்ப்பு: "பேட்டரி போயிடுச்சு." இரண்டு வருஷத்தில் இப்படிப் போனது மூன்றாவது பேட்டரி. போனில் விஷயம் கேட்ட நம் சொந்தங்கள் அத்தனை பேரும் சொன்ன யோசனை: "லித்தியம் மாத்திடச் சொல்லுங்க."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் எதிராகத்தான் இந்தப் பதிவு.

பேட்டரி தானாகப் போகவில்லை. நாம் அதைப் பட்டினி போட்டுக் கொன்றோம். ஆதாரம் சொல்கிறேன்.

மறுநாள் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வரச் சொன்னேன். வண்டி ஓடிக்கொண்டிருக்க, எஞ்சின் பக்கத்தில் 14.2 வோல்ட். கேம்பர் பேட்டரியின் முனையில் 13.1 வோல்ட். வழியில் 1.1 வோல்ட்டைத் தின்றது யார்?

கம்பிதான். வண்டிக்கும் கேம்பருக்கும் இடையில் ஓடுவது 10 கேஜ் கம்பி. நம் எலெக்ட்ரீஷியன் பாஷையில் 6 ஸ்கொயருக்குக் கொஞ்சம் கம்மி. மீட்டருக்குச் சுமார் 3.3 மில்லி ஓம். போக 7 மீட்டர், திரும்பி வர 7 மீட்டர். மொத்தம் 46 மில்லி ஓம். 20 ஆம்பியர் ஓடினால் 0.92 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். மிச்சம் பிளக்கின் பின்னிலும் ஃபியூஸிலும்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு கை தூக்குவது தெரிகிறது. "சார், பேட்டரி நிறைய நிறைய கரண்ட் குறையும், அப்போ கம்பியில இழப்பும் குறையுமே?" நல்ல கேள்வி, உட்கார். அந்தக் கம்பியில் பேட்டரி மட்டும் தொங்கவில்லை. கேஸ், வீட்டுக் கரண்ட், பேட்டரி என்று மூன்றிலும் ஓடுகிற ஃபிரிட்ஜ் அது. பயணத்தில் அதை பேட்டரிப் பக்கம் போட்டிருந்தான். அது மட்டுமே 15 ஆம்பியர் விடாமல் குடிக்கிறது. பேட்டரிக்குக் கிடைத்தது அதன் எச்சில்.

காரீய அமில பேட்டரி முழுசாக நிறைய 14.4 வோல்ட் அளவில் சில மணி நேரம் வேண்டும். டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலி பஸ்ஸில் முதல் முப்பது பேர் ஒரே நிமிஷத்தில் ஏறிவிடுவார்கள். கடைசிப் பத்துப் பேர் இடம் தேடித் தேடித்தான் நுழைய வேண்டும். பேட்டரியிலும் கடைசி 20 சதவீதம்தான் அதிக நேரம் பிடிக்கும். அதற்கு அழுத்தமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். எங்கள் பேட்டரிக்கு இரண்டும் கிடைக்கவில்லை. அரைவயிற்றோடு வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் படிந்த காரீய சல்பேட் கெட்டியான படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் கரையாது. அந்தக் கட்டத்தில்தான் கடைக்காரர் சோதித்துப் பார்த்து "போயிடுச்சு" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஏன் போனது என்று மூன்று முறையும் அவர் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. நாலாவதும் அங்கேதான் போயிருக்கும்.

இப்போது லித்தியம் கட்சிக்கு வருகிறேன். லித்தியம் நல்ல சரக்கு, மறுக்கவில்லை. எடை குறைவு. அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் கெடாது. ஆனால் இந்த வண்டிகளில் போடுகிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, பாதி நிறைந்த நிலையிலேயே 13.1, 13.2 வோல்ட்டில் நிற்கும். நம் கம்பி கொண்டுவந்து கொடுப்பதும் 13.1. இரண்டு தொட்டியிலும் தண்ணீர் ஒரே மட்டம் என்றால் எதிலிருந்து எதற்குப் பாயும்? விலை உயர்ந்த பேட்டரி பாதி வயிற்றோடு அதே ராத்திரிக்குப் போய்ச் சேரும்.

சரி, கம்பியைத் தடிமனாக்கி நேரே இணைத்தால்? உள்தடை குறைந்த லித்தியம் ஆல்டர்னேட்டரிடம் இருப்பதையெல்லாம் இழுக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டருக்குக் குளிர்காற்றும் குறைவு. சூடேறிக் கருகும். இன்னொன்று, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்துக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. உலோக லித்தியம் எதிர்முனையில் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். நல்ல பேட்டரி என்றால் அதன் பாதுகாப்புச் சுற்றே சார்ஜை நிறுத்திவிடும். கேன்யனில் அன்று காலை என்ன குளிர் என்று ஏற்கெனவே சொன்னேன். ஆகவே, பேட்டரியை மட்டும் மாற்று என்பது யோசனையே அல்ல. மாற்றினால் முழு அமைப்பையும் மாற்ற வேண்டும்.

நாங்கள் செய்தது இதுதான். 35 ஸ்கொயர் அளவில் தடித்த கம்பி, இரு முனையிலும் ஃபியூஸ். கேம்பர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு டிசி டு டிசி சார்ஜர். வருகிற வோல்ட் குறைவாக இருந்தாலும் அதை 14.4க்கு உயர்த்திக் கொடுக்கும். 30 ஆம்பியருக்கு மேல் இழுக்காமல் ஆல்டர்னேட்டரையும் காக்கும். பயணத்தில் ஃபிரிட்ஜை அணைத்து வைத்தோம். கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் உள்குளிரே தாங்கும். வீட்டில் நிற்கும்போது வாரம் ஒரு ராத்திரி வீட்டுக் கரண்டில் முழுசாக நிறைக்கிறார்கள். உள்ளே போனது எத்தனை ஆம்பியர்-மணி, வெளியே வந்தது எத்தனை என்று எண்ணிக் காட்டும் மீட்டர் ஒன்றும் மாட்டினான். மொத்தச் செலவு அந்த மூன்று பேட்டரிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. புதுசாகப் போட்டதும் அதே காரீய பேட்டரிதான். அடுத்த பயணத்தில் அதன் முனையில் மீட்டர் காட்டியது 14.4.

கடைசியாக ஒரு ஒப்புதல்.

என் மகன் என் வகுப்பிலேயே படித்தவன். ஓம் விதியில் முழு மதிப்பெண். அவனுக்கு ஏன் இது தோன்றவில்லை என்று கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். ஒவ்வொரு வருஷமும் மின்சுற்றுக் கணக்கு போடும்போது கரும்பலகையில் நான் என்ன எழுதினேன்? "இணைப்புக் கம்பிகளின் மின்தடையைப் புறக்கணிக்கவும்." கணக்கு சுலபமாக வரட்டும் என்று எழுதினேன். எந்தக் கம்பியைப் புறக்கணிக்கலாம், எதைக் கூடாது என்று ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. ஆய்வகத்தில் வோல்ட்மீட்டரைக் கம்பியின் இரு முனைகளிலும் வைத்துக் காட்ட ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தைப் பாடத்திட்டம் முடிக்க வேண்டும் என்று மிச்சம் பிடித்தேன். அதன் பலனை என் பேத்தி அந்த ராத்திரி அனுபவித்தாள்.

உங்களில் யாரும் டிரக் கேம்பர் வைத்திருக்கமாட்டீர்கள். ஆனால் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. 2012 மின்வெட்டில் வாங்கியது, அதன்பின் எத்தனை பேட்டரி மாற்றியிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை யாராவது "பேட்டரி போயிடுச்சு" என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியின் முனையிலேயே மல்டிமீட்டரை வைத்து எத்தனை வோல்ட் என்று பாருங்கள். முனையில் பச்சைப் பூஞ்சை பிடித்திருக்கிறதா, இணைப்பு தொட்டால் சுடுகிறதா, டிஸ்டில்டு வாட்டர் இறங்கியிருக்கிறதா பாருங்கள். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: அந்த ஐந்து நிமிஷத்தை நீங்கள் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தவறு இருந்தால் திருத்துங்கள். மதிப்பெண் குறைக்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய ஃபிசிக்ஸ் வாத்தியார்